ப்ரிலிம் மெடிசின் ஆண்டை வேலைச்சுமை பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு ஜனவரியிலும் ஊரிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் நியூராலஜிக்கோ ரேடியாலஜிக்கோ இன்டர்வியூ முடித்திருப்பார்கள். "அக்கா, ப்ரிலிம் லிஸ்ட்ல ஆறு இடம் இருக்கு. இதுல எது லேசு?" என்பதுதான் கேள்வி. ப்ரிலிம் என்பது அந்தத் துறைகளில் சேரும் முன் வேறிடத்தில் செய்யும் முதல் வருட மெடிசின் பயிற்சி. இடங்களை விருப்ப வரிசைப்படி எழுதுவதுதான் லிஸ்ட். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். அந்த ஒரு வருடம் உங்கள் தூக்கம், உடம்பு, குடும்பம் எல்லாவற்றையும் தொடும். ஆனால் "லேசு" என்ற ஒரே சொல்லில் நாலைந்து தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் லிஸ்ட் போட்டால், காகிதத்தில் வாரம் 65 மணி நேரம் என்று இருந்த இடம் உங்களைப் பிழிந்து எடுத்துவிடும். 75 மணி நேரம் என்று பயந்து ஒதுக்கிய இடம் சுகமாக இருந்திருக்கும்.

நான் நியூராலஜிக்குப் போகும் வழியில் ஒரு வருடம் ப்ரிலிம் இன்டர்னாக இருந்தேன். அதற்கப்புறம் பல வருடங்களாக ஜூனியர்களோடு உட்கார்ந்து அவர்களின் லிஸ்டைப் பார்த்து வருகிறேன். அப்போது செய்கிற வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன், அதாவது சிஆர்ஆர்ஐ, எம்பிபிஎஸ் படிப்பின் கடைசிப் பகுதி. அமெரிக்காவில் இன்டர்ன் என்றால் பட்டம் வாங்கிய பிறகு சேரும் ரெசிடென்சியின் (சிறப்புத் துறைப் பயிற்சியின்) முதல் வருட டாக்டர். இன்டர்னல் மெடிசினில் முழு மூன்று வருடமும் ஒரே இடத்தில் படிப்பவர் கேட்டகோரிகல். ரேடியாலஜி, டெர்மடாலஜி, பிஎம் அண்ட் ஆர் (உடலியக்க மறுவாழ்வு மருத்துவம்), நியூராலஜி, அனஸ்தீசியா போன்ற துறைகளில் பல இடங்கள் இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஆள் எடுக்கும். அவை அட்வான்ஸ்ட் இடங்கள். அவற்றுக்கு முன்னால் வேறொரு இடத்தில் செய்யும் அந்த முதல் வருடம்தான் ப்ரிலிம். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிந்துவிடும்.

முதல் படி: உங்கள் துறை என்ன கேட்கிறது என்று பாருங்கள்

வேலை குறைவாக வேண்டும் என்பவர்கள் முதலில் ட்ரான்சிஷனல் இயர் பக்கம் போவார்கள். ப்ரிலிமுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய, பல துறைகள் கலந்த முதல் வருடம் அது. அதில் எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் பணி) அதிகம், வார்டு மாதங்கள் குறைவு. ரேடியாலஜிக்கும் டெர்மடாலஜிக்கும் அது நன்றாகப் பொருந்தும் என்பதால் போட்டியும் கடுமை. நியூராலஜிக்குப் போகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். முதல் வருடத்தில் நோயாளிகளை நேரடியாகப் பொறுப்பேற்றுப் பார்க்கும் இன்டர்னல் மெடிசின் மாதங்கள் பொதுவாக எட்டு தேவைப்படும். ஆறு மாத மெடிசினோடு எமர்ஜென்சி, குழந்தை மருத்துவம் போன்றவற்றைச் சேர்த்துக் கணக்குக் காட்டவும் ஒரு வழி இருக்கிறது. எலெக்டிவ் நிறைந்த இடத்தில் இந்தக் கணக்கு உதைக்கலாம். லிஸ்ட் போடுவதற்கு முன்பே உங்கள் அட்வான்ஸ்ட் புரோகிராம் கோஆர்டினேட்டருக்கு ஒரு மெயில் போட்டு, எந்தெந்த மாதங்கள் கட்டாயம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: விதி எதுவரை அனுமதிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1984ல் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். ஓய்வில்லாமல் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களைப் பற்றிய விவாதம் அதிலிருந்துதான் பெரிதானது. 1989ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. 2003ல் ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பான ஏசிஜிஎம்இ அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. 2011ல் இன்டர்ன்கள் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. 2017ல் அதை எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு இருக்கும் எல்லைகள் இவை: நான்கு வார சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம், அதே சராசரியில் ஏழு நாளுக்கு ஒரு நாள் லீவு, தொடர்ந்து 24 மணி நேரம், அதோடு நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க அதிகபட்சம் 4 மணி நேரம். 24 மணி நேர கால் (இரவும் மருத்துவமனையிலேயே இருந்து பார்க்கும் தொடர் பணி) முடிந்தால் 14 மணி நேர ஓய்வு. வீட்டில் உட்கார்ந்து எழுதும் நோட்ஸும் 80 மணி நேரக் கணக்கில் சேரும். இந்தக் கடைசி விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்டர்னல் மெடிசினுக்கென்று தனியாகவும் எல்லை உண்டு. ஒரு இன்டர்னுக்கு ஒரு அட்மிஷன் நாளில் ஐந்து புது நோயாளிகள், அதற்கு மேல் உள்ளுக்குள் மாற்றி வருபவர்கள் இரண்டு பேர். 48 மணி நேரத்தில் எட்டுப் புதியவர்கள். கையில் ஒரே நேரத்தில் பத்துப் பேர். இதுதான் உச்சவரம்பு, அதாவது கேப். நல்ல இடங்கள் தாங்களாகவே இதற்கும் கீழே, எட்டு என்றோ ஏழு என்றோ நிறுத்திக்கொள்ளும். "இன்டர்ன் கேப் எவ்வளவு?" என்று கேட்டால் வரும் பதில் பத்தா எட்டா என்பது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைவிட அதிகம் சொல்லும்.

மூன்றாம் படி: வருடத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரு வாரக் கணக்கைக் கேட்டு ஏமாறாதீர்கள். 52 வாரத்தையும் விரித்துப் பாருங்கள். வார்டு எத்தனை வாரம், ஐசியு எத்தனை, நைட் எத்தனை, எலெக்டிவும் க்ளினிக்கும் எத்தனை, லீவு எத்தனை என்று ஐந்து வரி எழுதினால் போதும்.

ஒரு உதாரணம் பாருங்கள். முதல் இடத்தில் வார்டு 28 வாரம் (வாரம் 72 மணி), ஐசியு 6 வாரம் (76 மணி), நைட் 4 வாரம் (72 மணி), எலெக்டிவ் 10 வாரம் (45 மணி), லீவு 4 வாரம். கூட்டினால் 3,210 மணி நேரம். இரண்டாவது இடத்தில் வார்டு 20 வாரம் (66 மணி), ஐசியு 4 (72 மணி), நைட் 4 (66 மணி), எலெக்டிவும் க்ளினிக்கும் 20 (42 மணி), லீவு 4. மொத்தம் 2,712. இரண்டு இடத்துக்காரர்களும் இன்டர்வியூவில் "வாரம் எழுபதை ஒட்டி வரும்" என்றுதான் சொல்வார்கள். வித்தியாசமோ சுமார் 500 மணி நேரம், அதாவது ஏழு வார வார்டு வேலை. எலெக்டிவ் வாரங்களின் எண்ணிக்கைதான் ப்ரிலிம் வருடத்தின் உயிர்நாடி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த விவரங்களுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஃப்ரீடா தளத்தில் தொடங்குங்கள். முதல் வருடத்தின் சராசரி மணி நேரம், அதிகபட்சத் தொடர் நேரம், வாரத்துக்கு எத்தனை முழு நாள் ஓய்வு, நைட் ஃப்ளோட் (சில வாரங்கள் இரவில் மட்டும் வேலை பார்க்கும் முறை) உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்த எண்களைத் தருவது புரோகிராமேதான் என்பதை மறக்காதீர்கள். அடுத்து புரோகிராம் இணையதளத்தில் ப்ரிலிம்களுக்கான மாதிரி அட்டவணையைத் தேடுங்கள். கேட்டகோரிகல் அட்டவணை மட்டும்தான் கிடைக்கிறது என்றால், ப்ரிலிம் அட்டவணையைக் கோஆர்டினேட்டரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஏசிஜிஎம்இ தளத்தில் அங்கீகார நிலையையும் பார்த்துவிடுங்கள். "எச்சரிக்கையுடன்" என்று இருந்தால் ஏன் என்று இன்டர்வியூவில் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

நான்காம் படி: மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது?

சுமை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு சாயங்காலம். நான் ப்ரிலிம் செய்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என் கையில் ஒன்பது நோயாளிகள், ஆறு மாடிகளில் சிதறிக் கிடந்தார்கள். மாலை நான்கு மணிக்கு ஒருவருக்குப் பொட்டாசியம் 2.9 என்று குறைவாக வந்தது. மருந்தை ஐவி வழியாக ஏற்ற வேண்டும். கையிலிருந்த லைன் வேலை செய்யவில்லை. ஐவி போடும் குழு மூன்று மணிக்கே போய்விட்டது. நர்ஸ் இரண்டு முறை குத்திப் பார்த்து விட்டுவிட்டார். நான் அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தேடி வேறொரு மாடிக்குப் போனேன். லைன் போட்டு முடிப்பதற்குள் இன்னொரு நோயாளியின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். அவரை ரீஹாபுக்கு (மறுவாழ்வு மையத்துக்கு) அனுப்ப ஏன் அனுமதிக்க வேண்டும் என்று விளக்கச் சொன்னார்கள். பிறகு பொட்டாசியத்தைத் திரும்பப் பார்க்க ரத்தமும் நானே எடுத்தேன். மணி ஐந்தே முக்கால். அன்றைக்கு வந்த புது அட்மிஷன் இரண்டுக்கும் நோட்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. காகிதத்தில் அது 12 மணி நேர ஷிஃப்ட்தான்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ரத்தம் எடுப்பதும் ட்ராலி தள்ளுவதும் நமக்குப் பழக்கம். அதனால் "அதெல்லாம் நான் செய்வேன் அக்கா" என்று ஜூனியர்கள் தைரியமாகச் சொல்வார்கள். செய்வீர்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இங்கே அந்த வேலைக்கு மேல் ஒவ்வொரு நோயாளிக்கும் தினமும் விரிவான நோட், டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்பத்தினரோடு போன், மருந்தகத்தோடு போன் என்று இன்னொரு முழு வேலை இருக்கிறது. அதனால் இவற்றையெல்லாம் ஒன்று விடாமல் கேளுங்கள்: ரத்தம் எடுப்பவர்கள் 24 மணி நேரமும் இருக்கிறார்களா? ஐவி குழு இரவிலும் உண்டா? நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோவது யார்? ஒவ்வொரு டீமுக்கும் டிஸ்சார்ஜ் ஏற்பாடுகளைப் பார்க்கும் கேஸ் மேனேஜர் இருக்கிறாரா, சனி ஞாயிறிலும் வருவாரா? ரவுண்ட்ஸில் ஃபார்மசிஸ்ட் கூட நடக்கிறாரா? உங்கள் டீமின் நோயாளிகள் ஒரே மாடியிலா, மருத்துவமனை முழுக்கவா? இந்த ஆறில் நான்குக்கு நல்ல பதில் வந்தால் 75 மணி நேர வாரத்தையும் தாங்கிவிடலாம்.

அட்மிஷன் வரும் விதத்தையும் கேளுங்கள். சில இடங்களில் நான்கு நாளுக்கு ஒரு முறை மொத்தமாக வந்து குவியும். சில இடங்களில் தினமும் ஒன்றிரண்டாகச் சொட்டும். மொத்தமாக வந்தால் அந்த ஒரு நாள் புயல், மற்ற நாட்களில் சீக்கிரம் கிளம்பலாம். சொட்டுச் சொட்டாக வந்தால் எந்த நாளும் ஓரளவு ஒரே மாதிரிதான், ஆனால் மாலை ஐந்தரைக்கு ஒரு அட்மிஷன் வந்து நிற்கும் அபாயம் தினமும் உண்டு. குழந்தையை டேகேரிலிருந்து கூட்டிவர வேண்டியவர்களுக்கு முதல் வகைதான் நல்லது என்பது என் கருத்து. என்றைக்கு நேரமாகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமே. இரவில் வேறு டாக்டர் அட்மிட் செய்து காலையில் உங்களிடம் தரும் நோயாளிகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். காலை ஏழு மணிக்கு மூன்று புது ஆட்களைத் தெரிந்துகொண்டு எட்டு மணிக்கு ரவுண்ட்ஸில் நிற்பது சின்ன வேலையில்லை.

பயிற்சி டாக்டர்கள் இல்லாத ஹாஸ்பிடலிஸ்ட் (வார்டு நோயாளிகளைப் பார்க்கும் முழுநேர டாக்டர்) டீம் ஒன்று தனியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால், உங்கள் கேப் நிரம்பியதும் அடுத்த நோயாளி அவர்களிடம் போவார். இல்லையென்றால் கேப் என்பது பெயருக்குத்தான்.

ஐந்தாம் படி: இரவு

இரவு வேலைக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று 28 மணி நேர கால், மற்றொன்று நைட் ஃப்ளோட். நான்கு நாளுக்கு ஒரு கால் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் சுற்றில் காலுக்கு 28 மணி, மீதி இரண்டு நாளுக்கு 11 மணி வீதம் 22, ஆக 50 மணி. 28 நாளில் ஏழு சுற்றுக்கு 350. நான்கு நாள் லீவைக் கழித்தால் 306. வாரத்துக்கு 76 மணி நேரம் சொச்சம். விதிக்குள்தான் இருக்கிறது. நைட் ஃப்ளோட்டில் ஆறு இரவு, 12 மணி வீதம் 72.

எது நல்லது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. காலுக்கு அடுத்த நாள் மதியம் வெயிலைப் பார்ப்பது பிடிக்கும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. என் உடம்புக்கு அது ஒத்துவரவே இல்லை. காலை பத்து மணிக்குக் காரில் ஏறி, சிக்னலில் கண் சொக்கிய ஒரு நாளுக்குப் பிறகு நான் டாக்ஸி பிடிக்கத் தொடங்கினேன். சோர்ந்துபோன ரெசிடென்ட் பத்திரமாக வீடு போய்ச் சேர மருத்துவமனை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஏசிஜிஎம்இ விதியே இருக்கிறது. "டாக்ஸிக் காசு கிடைக்குமா, அதை யாராவது உண்மையில் பயன்படுத்துகிறார்களா?" என்று கேளுங்கள். 28 மணி நேர கால் உள்ள இடம் என்றால் வீட்டை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே பாருங்கள்.

எந்த முறையாக இருந்தாலும் ஒரு கேள்வியைத் தவறவிடாதீர்கள்: இரவில் ஒரு இன்டர்ன் எத்தனை நோயாளிகளுக்குப் பொறுப்பு? முப்பதுக்கும் அறுபதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூடவே சீனியர் இருக்கிறாரா, அட்டெண்டிங் (பொறுப்பேற்கும் மூத்த டாக்டர்) கட்டிடத்துக்குள் இருக்கிறாரா, போனில்தானா என்றும் கேளுங்கள்.

ஆறாம் படி: ப்ரிலிம்களை எப்படி நடத்துகிறார்கள்?

இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சில இடங்களில் ப்ரிலிமும் கேட்டகோரிகலும் ஒரே தட்டில்தான். சில இடங்களில் ப்ரிலிம் ஒரு வருடத்தில் போய்விடுவார் என்பதால் கஷ்டமான மாதங்களை அவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். கேட்டகோரிகல் இன்டர்ன்களுக்கு வாரந்தோறும், அல்லது நான்கு வாரம் மற்ற பணி முடித்து ஐந்தாவது வாரத்தில், தொடர் க்ளினிக் இருக்கும். நான்கு ப்ளஸ் ஒன்று என்ற இந்த அட்டவணை நிறைய இடங்களில் வந்துவிட்டது. அந்த ஐந்தாவது வாரத்தில் ப்ரிலிம் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். "எலெக்டிவ்" என்று பதில் வந்தால் பொக்கிஷம். "வார்டில் ஆள் குறையும் இடத்தை நிரப்புவார்" என்றால் உங்கள் கணக்கை மறுபடி போடுங்கள்.

யாராவது உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் கூப்பிடப்படும் பேக்கப் பட்டியலில் ப்ரிலிம்களின் எலெக்டிவ் வாரங்கள் எத்தனை சிக்குகின்றன என்பதும் இதில் சேரும். டிசம்பர், ஜனவரி ஃப்ளூ காலத்தில் இது அடிக்கடி நடக்கும்.

ஏழாம் படி: யாரிடம், எப்படிக் கேட்பது

புரோகிராம் டைரக்டரிடம் "வேலை அதிகமா?" என்று கேட்காதீர்கள். அவரிடம் எலெக்டிவ் எண்ணிக்கை, கேப், ப்ரிலிம் அட்டவணை மாதிரியான விவரங்களைக் கேட்கலாம். மற்றதை இப்போதைய ப்ரிலிம் இன்டர்ன்களிடம், முடிந்தால் போன வருடம் முடித்தவரிடம் கேளுங்கள். இன்டர்வியூ ஜூம் வழியாக நடக்கிறது என்பதால் ரெசிடென்ட்களோடு பேசும் நேரத்தில் கேட்டகோரிகல்களே பெரும்பாலும் இருப்பார்கள். "ஒரு ப்ரிலிமோடு பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டால், நல்ல இடங்கள் உடனே ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். தயங்கி இழுத்தடிப்பதும் ஒரு பதில்தான்.

பேசும்போது பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். நாள் குறித்துக் கேளுங்கள். "போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வந்தீங்க, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" "கடைசியா வீட்டுல உட்கார்ந்து நோட்ஸ் எழுதினது எப்போ?" "போன மாசம் சனி ஞாயிறு ரெண்டும் சேர்ந்து எத்தனை முறை லீவு கிடைச்சது?" "மணி நேரத்தைப் பதியும்போது எண்பதைத் தாண்டினா என்ன ஆகும்?" இந்த நாலாவது கேள்விக்கு அவர்கள் சிரித்து மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள். தாண்டினால் சீஃப் ரெசிடென்ட் கூப்பிட்டு அட்டவணையைச் சரிசெய்வார் என்று நிதானமாகச் சொன்னால் அந்த இடத்தை நம்பலாம்.

எட்டாம் படி: உங்கள் வருடத்தில் வேறென்ன இருக்கிறது?

ஸ்டெப் 3 (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டம்) இன்னும் எழுதவில்லை என்றால் இரண்டு நாள் பரீட்சைக்கும் அதற்கு முன் படிக்கவும் இடம் வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு எலெக்டிவ் கிடைக்கிற அட்டவணையாகப் பாருங்கள். முதல் வருட ரெசிடென்ட் மூன்லைட்டிங் (சம்பளத்துக்காகக் கூடுதல் வேலை) செய்ய அனுமதியில்லை என்பதால் கூடுதல் வருமானத்தைக் கணக்கில் வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு விசா முக்கியம். ப்ரிலிம், அட்வான்ஸ்ட் இரண்டு இடமும் உங்கள் விசாவை ஏற்க வேண்டும். எச்-1பி வேண்டுமென்றால் ஸ்டெப் 3 முன்பே பாஸாகி இருக்க வேண்டும். ப்ரிலிம் இடம் ஜே-1 மட்டும்தான் தருகிறது என்றால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் அதன்படி முடிவு செய்ய வேண்டியதுதான். அட்வான்ஸ்ட் இடம் இல்லாமல் ப்ரிலிம் மட்டும் கிடைத்தால் மறுபடி மேட்சுக்குள் (இரு தரப்பு லிஸ்டையும் பொருத்தி ரெசிடென்சி இடம் ஒதுக்கும் முறைக்குள்) போக வேண்டியிருக்கும். அப்படிப் போகிறவர்களுக்கு என் யோசனை வேறு: லேசான இடத்தைவிட, உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் அளவுக்கு அட்டெண்டிங்குகள் உங்களோடு பழகும் இடத்தைத் தேடுங்கள். செப்டம்பரில் விண்ணப்பம் போகும். ஜூலை, ஆகஸ்ட்டில் யாருடன் வேலை பார்க்கிறீர்கள் என்பது அப்போது எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிடும்.

மிக லேசான இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நோயாளிக்கு மேல் பார்க்காமல், நைட்டே இல்லாமல் ஒரு வருடம் ஓடினால், அடுத்த ஜூலையில் ஸ்ட்ரோக் வார்டில் தனியாக நிற்கும்போது கை நடுங்கும். ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மூச்சுத்திணறல், ஜுரத்தோடு ரத்த அழுத்தம் விழுவது, இவற்றை இரவில் தனியாக எதிர்கொண்ட அனுபவம் நியூராலஜிக்கும் அனஸ்தீசியாவுக்கும் கண்டிப்பாக வேண்டும். ரேடியாலஜிக்குப் போகிறவர்களுக்கு நான் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் படி: லிஸ்ட் போடுவது

மேட்சை நடத்தும் என்ஆர்எம்பியின் முறையில் அட்வான்ஸ்ட் இடங்களை முதன்மை லிஸ்டில் வைப்பீர்கள். அவை ஒவ்வொன்றோடும் ஒரு துணை லிஸ்டை இணைக்கலாம். ப்ரிலிம்கள் அதில்தான் வரும். அட்வான்ஸ்ட் இடம் கிடைத்தால், அதோடு இணைத்த துணை லிஸ்டில் உங்களுக்கு இடம் தேடப்படும். ஒவ்வொரு அட்வான்ஸ்ட் இடத்துக்கும் வேறு வேறு துணை லிஸ்ட் இணைக்க முடியும் என்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. சிகாகோ அட்வான்ஸ்டுக்குச் சிகாகோ ப்ரிலிம்களை மேலே வையுங்கள், ஹூஸ்டனுக்கு ஹூஸ்டனை. ஒரே வருடத்தில் இரண்டு முறை வீடு மாறுவதும் சுமைதான். கணவரோ மனைவியோ வேலையில் இருந்தால் அதன் கனம் இன்னும் கூடும். ஒரே ஊரில் கிடைக்கும் என்றால், வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் கூடுதலான இடத்தைக்கூட நான் மேலே வைப்பேன்.

துணை லிஸ்டை நீளமாக வையுங்கள். வேலை அதிகம் என்று நினைக்கும் இடங்களையும் கீழே சேருங்கள். அட்வான்ஸ்ட் கிடைத்து ப்ரிலிம் கிடைக்காமல் போனால், மேட்ச் வாரத்துத் திங்கட்கிழமை சோப்பில் (நிரம்பாத இடங்களுக்கான இரண்டாம் சுற்றில்) மிச்சமிருக்கும் இடங்களுக்காக அலைய வேண்டியிருக்கும். நீங்கள் போட்ட அத்தனை கணக்கும் அப்போது கைவிட்டுப் போகும். வேலை பார்க்கவே முடியாது என்று நினைக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் மேட்சில் விழுந்தால் போயே ஆக வேண்டும்.

மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வந்ததும் இன்னும் ஒரு மெயில் பாக்கி. ப்ரிலிம் எந்தத் தேதியில் முடிகிறது, அட்வான்ஸ்ட் இடத்தின் ஓரியண்டேஷன் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். பல ப்ரிலிம்கள் ஜூன் 30 வரை ஓடும். அடுத்த இடத்தின் ஓரியண்டேஷன் ஜூன் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். லீவு விருப்பம் கேட்டு வரும் படிவத்தில் கடைசி இரண்டு வாரத்தை முதல் விருப்பமாக எழுதி அனுப்பிவிடுங்கள். அது கிடைத்தால் சாமான் கட்டவும், ஒரு வாரம் தூங்கவும் நேரம் இருக்கும்.